எங்கள் வளவில் நிற்கும் பாலை மரம்: வெட்டுவதா, விடுவதா?

கற்சிலைமடு மகள் கேட்கிறார்:

வன்னியில் பழைய வளவுகளில் வாழ்ந்தவர்களிடமும் வீடு கட்டத் தெரிந்தவர்களிடமும் ஆலோசனை கேட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் குசினிக் கதவிலிருந்து 15 அடி தள்ளி ஒரு பாலை மரம் நிற்கிறது. நான் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தால் பாதிச் சுற்றுக்கூட எட்டாது. மீள்குடியேறிய பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு எங்களுடையது. இரண்டு அறைகள், ஒரு நீண்ட விறாந்தை, குசினி. கழிவறை வளவின் கோடியில் இருக்கிறது. அம்மாவுக்கு 78 வயது. கடந்த மாரியில் ஈரத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இரவில் அவரைத் தாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வர முடியவில்லை. கழிவறையோடு சேர்ந்த ஓர் அறை அவருக்குக் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி பணம் அனுப்பிவிட்டான். அறையைப் பின்பக்கம்தான் இழுக்கலாம், அதற்கு மரத்தை எடுக்க வேண்டும் என்கிறார் வரைபடம் போட்டவர். தம்பியும் "வெட்டுங்கள் அக்கா, வேறு ஒன்று நடலாம்" என்கிறான். அவன் 11 வயதில் ஊரைவிட்டுப் போனவன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா விழுந்த செய்தி கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன் அவன்.

ஆனால் அந்த மரம் எனக்கு வெறும் மரம் இல்லை. ஐயா மாடுகளுக்குக் குறிசுடும் நாளில் கன்றுகளை அதன் அடியில்தான் கட்டுவார். ஒரு முனையில் எழுத்து வைத்த இரும்புக் கம்பியை நெருப்பில் பழுக்கவைத்துத் தொடையில் ஒரு கணம் அழுத்துவார். உரோமம் கருகும் மணம் மாலைவரை வளவில் நிற்கும். ஆச்சி உடனே தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக்கொண்டு ஓடுவார். காட்டில் மேயப்போன மாடு அடுத்த ஊர்ப் பட்டியில் சேர்ந்தாலும் அந்த எழுத்தைப் பார்த்து "இது கற்சிலைமடு மாடு" என்று திருப்பி ஓட்டிவிடுவார்கள்.

யுத்தம் முடிந்து 2011இல் திரும்பி வந்தபோது வேலி இல்லை, படலை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, வீடு நின்ற இடத்தில் என் உயரத்துக்குப் பற்றை. எங்கள் காணி எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. தூரத்தில் பாலையின் தலையைக் கண்டு அம்மா கைகாட்டினார். அந்த மரத்திலிருந்து அடி அளந்துதான் கிணற்றைக் கண்டுபிடித்தோம், கிணற்றிலிருந்து அளந்து எல்லையைக் கண்டோம். பற்றை வெட்டும்போது வேருக்குள் ஒரு கம்பி தட்டுப்பட்டது. துருவைச் சுரண்டிப் பார்த்தால் ஐயாவின் குறிசுடும் கம்பி. மாடுகள் ஒன்றும் இல்லை. ஐயாவும் இல்லை.

அதனால் கேட்கிறேன். பாலையின் வேர் வீட்டு அத்திவாரத்தைப் பாதிக்குமா? வீட்டுக்கு இவ்வளவு அருகில் பாலை நிற்பது ஆகாது என்று பக்கத்துவீட்டுக்காரர் சொல்கிறார். அப்படி ஒரு வழக்கம் வன்னியில் உண்டா? மரத்தை விட்டுவைத்து அறை கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


துணுக்காய்ப் பெரியவர் எழுதுகிறார்:

மகள், உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தில் 1803 அக்டோபர் 31இல் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் கல் நட்ட ஊர் அது. தோற்றவனின் பெயரைத்தான் இன்று எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சின்ன வயதில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு மாட்டுவண்டியில் வரும்போது என் தகப்பனார் அந்தக் கல்லடியில் வண்டியை நிறுத்தி எங்களை இறக்கிக் காட்டுவார்.

பாலை வளவுக்குள் நிற்பது ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு 74 வயது; என் அப்புவும் சொன்னதில்லை. அதற்கு மாறான வழக்கம்தான் எனக்குத் தெரியும். காடு வெட்டிக் கமம் ஆக்கிய காலத்தில் பாலையையும் வீரையையும் விட்டுவிட்டுத்தான் மற்றதை எரிப்பார்கள். பழம் தரும் மரத்தில் கோடரி வைக்க மனம் வராது. குளக்கட்டில் ஐயனாருக்குக் கல் வைத்தால் அது பெரும்பாலும் பாலையடியாகவோ மருதடியாகவோ இருக்கும். அப்பு தேன் எடுக்கக் காட்டுக்குள் இறங்கும்போது பாதை தொடங்கும் இடத்தில் ஒரு குழையை முறித்து ஐயன் பேரைச் சொல்லிப் போடுவார். அவருக்கு முன்னே போனவர்களின் குழைகள் காய்ந்து குவிந்து கிடக்கும். எத்தனை குழை பச்சையாக இருக்கிறது என்று பார்த்து, இன்று காட்டுக்குள் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லுவார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். இன்றும் முறிகண்டியில் பஸ் நின்று எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்போது எனக்கு அந்தக் குழைக் குவியல்தான் நினைவுக்கு வரும்.

பழைய வளவு எப்படி இருந்தது என்று உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்காது. அவருக்காகச் சொல்கிறேன். இலுக்குப் புல் வேய்ந்த மண்வீடு. குசினி தனியே. நெல் வைக்கும் கொம்பறை முற்றத்தில் தனியே, கம்புகளால் பின்னி மண்ணும் சாணமும் பூசி, கறையான் ஏறாதபடி கால்கள் வைத்து நிற்கும். அப்பால் மாட்டுப் பட்டி. இவ்வளவையும் நிழலுக்குள் வைத்திருப்பது நடுவில் நிற்கும் ஒரு பெரிய மரம். ஆடி மாதக் கச்சான் காற்று அனல்போல் அடிக்கும்போதும் பாலை இலை உதிர்க்காது. அதற்குக் கீழே பாய் போட்டு உறங்கியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். கூரைத் தகரத்தின் கீழே மின்விசிறி போட்டுக்கொண்டு கிடப்பவர்களுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பழக்காலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாலையைப் பற்றிச் சொன்னதாகாது. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் முடிந்து, கடல்நீரில் விளக்கெரிந்த கதையைப் பேசிக்கொண்டு சனம் ஊருக்குத் திரும்பும் நாள்களில் மரத்தில் மஞ்சள் தெரியத் தொடங்கும். ஆனியில் முற்றாகப் பழுத்துவிடும். வயலில் சிறுபோகப் பயிர் நிற்கும் காலம் அது. இரவு பரணில் பன்றிக் காவல் இருந்த ஆண்கள் விடியத் திரும்பும்போது மடியில் பழம் கொண்டுவருவார்கள். பிள்ளைகளைக் காட்டோரம் தனியே போகவிடமாட்டார்கள். கரடிக்கும் பாலைப்பழம் என்றால் உயிர். மரத்தில் ஏறி இருந்து தின்னும். நாங்கள் கூட்டமாக, தகரப் பேணியில் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டு போவோம். அம்மாவின் பழைய சேலையை நாலு பேர் நாலு மூலையில் விரித்துப் பிடிக்க, ஒருவர் மேலே ஏறிக் கொப்பை உலுக்குவார். சேலையில் விழும் பழத்தின் சத்தம் பெருமழையின் முதல் துளிகள்போல இருக்கும். தின்னத் தின்ன உதடு ஒட்டும், பால் அப்படி. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால்தான் வாய் திறக்கும்.

ஒன்றை மனவேதனையோடு சொல்கிறேன். இப்போது பழம் பிடுங்கப் போகிறவர்கள் மரத்தில் ஏறி உலுக்குவதில்லை. கொப்பையே வெட்டி வீழ்த்திவிட்டு நிலத்தில் இருந்து ஆய்கிறார்கள். வீதியோரத்தில் சுண்டுக் கணக்கில் விற்பதற்கு ஒரு நூற்றாண்டு மரத்தின் கை போகிறது. அடுத்த வருடம் அந்தக் கொப்பில் பழம் எங்கிருந்து வரும்?

வெட்டாதீர்கள், மகள். அம்மாவுக்கு வேறு வழி இருக்கும்.


விசுவமடு மேசன் எழுதுகிறார்:

அக்கா, பெரியவர் சொன்னது எல்லாம் உண்மை. அவரை மதிக்கிறேன். ஆனால் இரவில் அம்மாவைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போவது நீங்கள், பெரியவர் அல்ல. மரத்தைவிட அம்மாவின் அறைதான் முதலில் வர வேண்டும். வழி இல்லாவிட்டால் மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று நினைப்பவன் நான். அதைச் சொல்லிவிட்டு, வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.

15 அடி மரத்திலிருந்து குசினிவரை என்கிறீர்கள். அறை 10 அடி என்றாலும் சுவருக்கும் மரத்துக்கும் 5 அடிதான் மிஞ்சும். அவ்வளவு பெரிய மரத்துக்கு 5 அடியில் அத்திவாரம் கிண்டினால் பெரிய வேர்களை வெட்ட நேரிடும். ஒரு பக்க வேரை வெட்டிவிட்டு மரத்தை வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வேலை. அடுத்த புயலில் அது வீட்டின்மேல் சாய்ந்தால் என்ன செய்வீர்கள்? ஆகவே அந்த வரைபடத்தின்படி கட்டுவதானால் மரத்தை முழுதாக எடுக்க வேண்டும். மரம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் கிண்டவே கூடாது.

வெட்டுவதும் இலகுவில்லை. மரத்தை விற்றுக் கூலிக்கு ஈடு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஊரில் நின்ற மரத்துக்குள் ஷெல் துண்டும் சன்னமும் இருக்கும். வாளின் பல் போய்விடும் என்று மர ஆலைக்காரர்கள் எங்கள் பகுதி மரங்களை வாங்கத் தயங்குகிறார்கள். நான் ஒரு வேப்பங்குற்றியை அறுக்கக் கொடுத்து, உள்ளே விரல் அளவு இரும்பு இருந்து, வாளுக்கும் சேர்த்துக் காசு கட்டியவன். பாலை அதைவிட வைரம். அந்தக் காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர்க்கட்டை போட்ட மரம் அது. யுத்த காலத்தில் எங்கள் பதுங்குகுழிக்கு மேலே அந்தச் சிலிப்பர்க்கட்டைதான் கிடந்தது. என் தங்கைகள் இருவரும் நானும் அதற்குக் கீழேதான் இருந்தோம். அந்தக் கட்டை முறியவில்லை. பாலை எனக்கும் உயிர் தந்த மரம்தான், அக்கா. மரத்தின் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது கேள்வி: விறாந்தை எத்தனை அடி நீளம்? எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? வீட்டுத் திட்ட வீடுகளில் விறாந்தையின் ஒரு கோடியை மறித்து அறையாக்கலாம். அத்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. கழிவறைக்கு மட்டும் வெளியே 5 அடிக்கு 6 அடி புதிதாகப் போட்டால் போதும். செலவும் பாதியாகும்.

கூரைக்கு மேலே வரும் கொப்பு ஏதாவது உண்டா? இருந்தால் அதை எடுக்க வேண்டும். அதில் இரக்கம் பார்க்கக் கூடாது.


செட்டிகுளம் வாசகி எழுதுகிறார்:

"வேறு ஒன்று நடலாம்" என்று உங்கள் தம்பி சொன்னதற்காக எழுதுகிறேன். நான் நட்டுப் பார்த்தவள்.

எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் வந்தது. தாத்தாவும் பாட்டியும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பனியும் அட்டையும் தெரியும், இந்த வெயில் தெரியாது. வந்த முதல் கோடையில், பக்கத்துக் காணி ஆச்சி ஒரு தாமரை இலை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாராம். பாட்டி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, எல்லாருடைய உதடும் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து நஞ்சு என்று பயந்து ஒப்பாரி வைத்துவிட்டார். ஆச்சி ஓடிவந்து, தன் விரலால் ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, பாட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். ஊர் எங்களை ஏற்றுக்கொண்ட நாள் அதுதான் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் அப்படி நடத்தவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ள விடாதவர்களும் இருந்தார்கள். அதனால்தான் அந்த ஆச்சியை மறக்க முடியவில்லை.

எங்களுக்குக் கிடைத்த காணியில் மரம் ஒன்றும் மிச்சமில்லை. முழுவதும் வெட்டி வெளியாக்கிய நிலம். பாட்டியின் நினைவாக 2012இல் ஒரு பாலைக் கன்று கொண்டுவந்து வைத்தேன். வேலி கட்டி, கோடையில் குடத்தால் ஊற்றி வளர்த்தேன். இன்று அது என் தலைக்கு மேலே இரண்டு முழம். தண்டு என் மணிக்கட்டு அளவு. ஒரு பழம் இன்னும் கண்டதில்லை. அதே வருடம் வைத்த மாமரம் மூன்று தடவை கூடை நிறையக் காய்த்துவிட்டது.

இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பெரியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆச்சி பாலைப்பழப் பாணி காய்ச்சிப் போத்தலில் வைத்திருப்பாராம். எப்படிக் காய்ச்சுவது?


துணுக்காய்ப் பெரியவர்:

மேசன் தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவின் அறை முதலில்தான். நான் மரத்தை மட்டும் பார்த்துப் பேசிவிட்டேன்.

பிள்ளை, பாணிக்கு நன்றாகக் கனிந்த பழம் வேண்டும். அரைப்பழம் சேர்ந்தால் கயர்க்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பிழிய வேண்டும். கொட்டையும் தோலும் துணியில் நின்றுவிடும். சாற்றை மண்சட்டியில் விட்டு மெல்லிய நெருப்பில் வைத்து, அகப்பையை எடுக்காமல் துழாவ வேண்டும். சீனி போடவே கூடாது. அகப்பையைத் தூக்கினால் தேன்போல நூலாக இறங்கும், அப்போது இறக்கிவிடலாம். ஒரு பெரிய கடகம் பழத்துக்குக் கொஞ்சப் பாணிதான் வரும், ஏமாற்றமாக இருக்கும். என் மனைவி அதைக் குரக்கன் பிட்டோடு தருவாள். மாரி மழையில் குளம் வான் பாயும் நாள்களில், வெளியே போக வழியில்லாமல் இருக்கும்போதுதான் அந்தப் போத்தலைத் திறப்பாள். அதற்கு முன் கேட்டாலும் தரமாட்டாள்.


கற்சிலைமடு மகள்:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். வீட்டில் வேலை தொடங்கிவிட்டது.

விறாந்தை 22 அடி, வடக்குப் பார்த்தது. மேசன் தம்பியின் யோசனையை எங்கள் ஊர் மேசனிடம் காட்டினேன். கிழக்குக் கோடியில் 10 அடியை மறித்து அறை, அதை ஒட்டி வெளியே கழிவறை என்று முடிவாகிவிட்டது. பின்பக்கம் கிண்டவில்லை. செட்டிகுளம் அக்கா எழுதியதைத் தம்பிக்குத் தொலைபேசியில் வாசித்தேன். தண்டு மணிக்கட்டு அளவு என்ற இடத்தில் அவன் "பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகவா?" என்று கேட்டான். பிறகு ஒன்றும் பேசவில்லை.

அம்மாவிடம் நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டில் பக்கத்தில் இருந்து அறை எங்கே வருகிறது என்று விளக்கினேன். மரம் நிற்குமா, போகுமா என்று அவர் கேட்கவே இல்லை. "சன்னல் எந்தப் பக்கம் வரும்?" என்று மட்டும் கேட்டார். கிழக்கே ஒன்று என்றேன். தெற்கேயும் ஒன்று வைக்கச் சொன்னார். படுத்திருந்தால் வெளியே தெரியும்படி தாழ்வாக வைக்கச் சொன்னார். விறாந்தைக் கோடி வீட்டுச் சுவரைத் தாண்டி நீண்டிருப்பதால், தெற்குச் சன்னல் வழியே பார்த்தால் வீட்டின் ஓரத்துக்கு அப்பால் பாலையின் அடிமரம் தெரியும். மேசன் வழமையான உயரத்துக்குக் கல் வைத்துவிட்டார். நேற்று அம்மாவைக் கதிரையில் இருத்திக் கொண்டுவந்து காட்டினோம். பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வரிசைக் கல்லை எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டார்கள்.

குசினிக் கூரைக்கு மேலே ஒரு கொப்பு வருவது உண்மைதான். தொடை மொத்தம் இருக்கும். விசுவமடுத் தம்பி சொன்னபடி அதை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதில் இப்போது காய் பிடித்திருக்கிறது. தம்பி ஆனியில் பிள்ளைகளோடு வருகிறான். அதுவரை அந்தக் கொப்பில் கைவைக்க வேண்டாம் என்று மேசனிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.